பூனை வாங்கிய ஏச்சு

கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் என் மனைவி என்னை ஒரு தடவைகூட ஏசியதில்லை. ஏசத் தெரியாதவள் என்றே நினைத்திருந்தேன். அவளுடைய அப்பா சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவர் எழுந்துபோய்க் கிணற்றில் பத்து வாளி தண்ணீர் இறைத்துக் கொட்டிவிட்டு வருவாராம். மகள் வீட்டைப் பெருக்குவாள். பெருக்கிய வீட்டையே மறுபடியும் பெருக்கினால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன். அவ்வளவுதான் எங்களுக்குள் சண்டை.

நான் அப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டாலி கிளார்க். எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகம் கட்டி முடியவில்லை. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஐந்தாறு மைல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்குத் தோணிகள் உப்பு மூட்டையும் பஞ்சுப் பொதியும் ஏற்றிக்கொண்டு அங்கே போகும். கப்பலில் ஏறுவதையும் இறங்குவதையும் பக்கத்தில் நின்று எண்ணிக் குறிப்பது என் வேலை. காலையில் மோட்டார் லாஞ்சில் போனால் சாயங்காலம் லாஞ்சில் திரும்புவேன். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. எனக்கு அப்பா அம்மா இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. பகல் முழுக்க அவள் தனியாகத்தான் இருப்பாள்.

ஆனி மாதம் ஒரு நாள் காலை லாஞ்சு ஏற நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்து ஒரு தந்தியைக் கொடுத்தார். என் மைத்துனன் அடித்தது. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்படவும் என்று இருந்தது.

இதே மாதிரித் தந்தி அதற்கு முன் இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் அடித்துப்பிடித்து ஓடினோம். இரண்டு முறையும் பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு கப்பலுக்குக் கடைசி நாள் ஏற்றுமதி. இன்னொரு கிளார்க் லீவு. நான் போகவில்லையென்றால் மானேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீட்டுக்கு ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம், பத்து நிமிஷ நடை. பியூனிடமே கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவள் ஒருத்தியாகவே பஸ் ஏறிப் போயிருப்பாள். நான் தந்தியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாஞ்சில் ஏறினேன். சாயங்காலம் போய்ச் சொல்லி, கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

மத்தியானத்துக்கு மேல் தென்காற்று பிடித்துக்கொண்டது. கப்பலின் பக்கவாட்டில் லாஞ்சு நிற்கவே முடியவில்லை. கப்பலிலேயே தங்கிவிட்டு மறுநாள் பதினொரு மணிக்குத்தான் கரைக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் அலை லாஞ்சுக்குள் விழுந்து சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் தந்தியை எடுத்து நீட்டினேன். "இப்பத்தான் ஆபீஸ்ல வந்து கெடந்துச்சு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாய் திறந்தபோது அதுதான் வந்தது.

அவள் அதைப் பிரித்தாள். மடிப்புகளில் கடல்தண்ணீர் ஊறிக் காகிதம் கிழியப் பார்த்தது. தரையில் வைத்து மெதுவாக நீவிவிட்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு மேலே இருந்த தபால் ஆபீஸ் முத்திரையைப் பார்த்தாள். தேதியும் நேரமும் அதில் நன்றாகவே தெரிந்தன. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்துபோய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடக்கம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முந்தின நாள் ராத்திரியே போய்விட்டாராம். மூன்று மணிவரை மகளுக்காக வைத்திருந்தார்களாம். கல்லறைத் தோட்டத்தில் தேரி மண் சிவப்பாகக் குவிந்து கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் நின்றாள். மைத்துனன் என்னிடம் வந்து, "நேத்துக் காலையிலேயே தந்தி அடிச்சிட்டனே மச்சான்," என்றான். தந்தி தாமதமாகிவிட்டது என்றேன். அவன் தங்கையைப் பார்த்தான்.

"ஆமா. தாமசமாத்தான் வந்துச்சு," என்றாள் அவள்.

அவள் எனக்காகப் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான். அந்த இடத்தில் அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் என் மைத்துனன் என்னை அடித்திருப்பான். அப்படி அடி வாங்கியிருந்தாலே பரவாயில்லை என்று பின்னால் பல நாள் நினைத்திருக்கிறேன்.

பதினைந்து நாள் கழித்து அவள் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தாள். சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்னோடு கோவிலுக்கு நடந்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவள் பேச்சில் "நீங்க" என்ற சொல் இல்லாமல் போயிருந்தது. அது போனதைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சில நாள் ஆயிற்று. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." "தண்ணி காஞ்சிருக்கு." "சட்டை கொடியில கெடக்கு." யார் யாருக்குச் சொல்வது என்பதே இல்லாத பேச்சு. நான் ஏதாவது கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வரும். தந்தியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்வதற்கும் ஒன்றுமில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அந்தப் பூனை வந்தது. சாம்பல் நிறக் கடுவன். நல்ல வளர்ந்த பூனை. மீன் மார்க்கெட்டில் சுற்றித் திரிந்ததாக இருக்கலாம், மேலெல்லாம் அந்த வாடை. நனைந்துபோய்ப் பின்வாசலில் வந்து உட்கார்ந்தது. அவள் ஒரு பழைய தட்டில் சோறும் மீன்சாறும் பிசைந்து வைத்தாள். அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுப் பூனை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அது உறியில் இருந்த நெத்திலிக் கருவாட்டைத் தள்ளிவிட்டுத் தின்றுவிட்டது. நான் முன்னறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து, "ஏலே," என்று ஒரு குரல் கேட்டது. வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அவ்வளவு ஓங்கிய குரல் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. "ஏலே, ஒனக்கு நான் சோறு வைக்கலியாலே? அதுக்குள்ள என்ன களவு? நாக்குக்கு ஒரு அடக்கம் வேண்டாமா?" பூனை விழுந்தடித்துக்கொண்டு வந்து என் கால் வழியாகக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. காதை இரண்டு பக்கமும் படுக்கப் போட்டு, உடம்பைச் சுருக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் நேரே அவள் காலடிக்குப் போய்த் தலையால் முட்டியது. அவள் சோறு வைத்தாள். எல்லாம் முடிந்துபோனது.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுலபமா என்று தோன்றியது.

அதன்பின் தினமும் ஏதாவது ஒன்றுக்கு ஏச்சு விழுந்தது. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலும் அவள் அதனோடு பேசிக்கொண்டும் ஏசிக்கொண்டும்தான் இருந்திருக்கிறாள். இது எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். அந்த அக்காவின் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஒருநாள் குழாயடியில் என்னை நிறுத்தி, "தம்பி, ஒங்க வீட்ல யாரும் சின்னப் பையன் வந்து நிக்கானா? பகல்ல ஏலே ஏலேன்னு ஏசுத சத்தம் கேக்கு," என்று விசாரித்தார். பூனை என்று சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பூனைய அம்புட்டு நேரமா ஏசுவாவ?" என்றார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் வீட்டில் இருக்கும்போது விழுகிற ஏச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒருமுறை பூனை இரண்டு நாள் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "எங்கலே போயிட்டு வார? போற எடத்தச் சொல்லிட்டுப் போறதுக்கு வாய் இல்லையா? ஒனக்கு ஒன் காரியந்தான் பெருசு. வீட்ல ஒருத்தி இருக்காளேன்னு நெனப்பு இருந்தாத்தானே?" இதைச் சொல்லும்போது அவள் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் இலைப்பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

எங்கள் பக்கத்தில் சாடை பேசுவது புதிதல்ல. மாமியார் மருமகளைச் சொல்ல நினைத்ததைக் கோழியைப் பார்த்துச் சொல்வாள். ஆனால் அப்படிப் பேசுகிறவர்களின் குரலில் ஒரு குத்தல் இருக்கும், சொல்லப்படுகிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்ற கவனம் இருக்கும். அவள் குரலில் அது இல்லை. உண்மையிலேயே பூனையைத்தான் ஏசுகிறாளோ, குற்றமுள்ள எனக்குத்தான் எல்லாம் என்மேல் விழுவதாகத் தோன்றுகிறதோ என்று நான் குழம்பிய நாட்கள் உண்டு.

பூனையைக் கவனித்துப் பார்த்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாலைத் தட்டிவிட்டதற்கோ, காயப்போட்ட வெள்ளைத் துணியில் படுத்ததற்கோ ஏச்சு விழுந்தால் அது ஓடி ஒளிந்துகொள்ளும். இல்லையென்றால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தரையோடு தாழும். என்மேல் விழுவதாகத் தோன்றுகிற அந்த மற்ற ஏச்சு விழும்போது ஓடாது. இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் முன்னங்காலை நக்கும், பிறகு தோளை நக்கும். அவசரமில்லாமல் திரும்பி அவளுக்கு முதுகைக் காட்டி உட்காரும். முதுகுதான் திரும்பியிருக்கும், ஒரு காது மட்டும் அவள் குரல் வரும் பக்கம் திரும்பி நிற்கும். வாலின் நுனி மட்டும் தரையில் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஏச்சு ஓய்கிறவரை அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு போகும். தனக்கில்லாத ஏச்சு என்று அதற்குத் தெரிந்திருந்தது என்றே நான் அப்போது நம்பினேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டேன். அவள் குரலில் இருந்த வித்தியாசம் அதற்குக் கேட்டிருக்கும்.

எப்படியிருந்தாலும் அந்த வீட்டில் அவளிடம் ஏச்சு வாங்குகிற ஒரே ஆள் அதுதான். வாங்கி முடித்ததும் அவள் மடியில் போய்ப் படுக்கிற ஆளும் அதுதான். நான் முன்னறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போய்விட்டு வந்து நான் எழுதுகிற பலகையை மடியில் வைத்து மறுநாளைக்கான கணக்குத் தாள்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பூனை எதையோ கவ்விக்கொண்டு வந்து அறை நடுவில் நின்றது. பல்லி. உயிரோடு இருந்தது. வாயிலிருந்து பாதி உடம்பு வெளியே தொங்கியது. அவள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"என்னத்தலே வாயில வச்சிட்டு நிக்க?" என்றாள். பூனை நகரவில்லை. "முழுங்கவும் மாட்டேங்க. துப்பவும் மாட்டேங்க. எத்தன நாளைக்குலே இப்பிடியே வாய மூடிட்டு நிப்ப?"

அன்றைக்கு அவள் குரல் உயரவில்லை. கடைசிச் சொல்லில் கொஞ்சம் உடைந்தது. பூனை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

நான் எழுந்தேன். "சனியனே," என்று கத்திக்கொண்டு கையிலிருந்த பலகையை எறிந்தேன். அது பூனையின் பின்தொடையில் பட்டுச் சுவரில் மோதி விழுந்தது.

பூனை ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. பல்லி வாயிலிருந்து நழுவிச் சுவரோரமாகப் போய்விட்டது. பூனை வயிறு தரையில் படத் தாழ்ந்து, காதுகள் இருக்கும் இடமே தெரியாமல் ஒடுக்கிக்கொண்டு, கண்ணிமைக்காமல் என்னையே பார்த்தது. அது உட்கார்ந்த இடத்தில் ஈரம் பரவியது. பயத்தில் மூத்திரம் போய்விட்டது. பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் சுவரை ஒட்டியே பின்வாசல்வரை போயிற்று. வாசலைத் தாண்டியதும் காணவில்லை.

அவள் ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து தரையைத் துடைத்தாள். பலகையை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். "அதுக்கு என்ன தெரியும்," என்றாள். அதுவும் யாருக்கும் சொல்லாத பேச்சுதான்.

ஒரு வாரம் ஆயிற்று. பூனை வரவில்லை. அவள் தினமும் தட்டில் சோறு பிசைந்து வைத்தாள். காலையில் அதை எடுத்துக் காக்கைக்குப் போட்டாள். வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அவளுடைய ஏச்சு எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று அந்த வாரம்தான் தெரிந்தது. ஸ்டவ் எரிகிற இரைச்சலும் அடுத்த வீட்டு ரேடியோவும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சுவருக்கு மேலே எட்டி, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று அவளைக் கேட்டுவிட்டுப் போனார்.

நான் வேலை முடிந்து வரும்போது தேடத் தொடங்கினேன். மீன் மார்க்கெட்டில் தேடினேன், உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் தேடினேன். பேர் வைக்காத பூனை அது. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவள் கூப்பிடுகிற மாதிரி "ஏலே, ஏலே" என்று கூப்பிட்டுக்கொண்டு போனால் போகிற வருகிற ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் தோணிகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற தோணி மேடையில் அதைக் கண்டேன். கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் நிழலில் படுத்திருந்தது. தோணிக்குப் பூசுகிற மீனெண்ணெய் வாடை அதற்குப் பிடித்திருக்கும். அங்கே வேலை செய்கிற ஆசாரிகள் மீன் தலையைப் போடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றது. நான் ஓரடி வைத்தேன். அது ஓரடி பின்னால் போயிற்று. மணலில் உட்கார்ந்தேன். அதுவும் உட்கார்ந்தது, நான் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில். நக்கவில்லை, முதுகைக் காட்டவில்லை. அவள் ஏசும்போது அது செய்கிற எதையுமே செய்யவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. அதனிடம் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. நான் இருட்டும்வரை அங்கே இருக்கத் தயாராக இருந்தேன், ஆனால் அது எழுந்து படகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பூனை தோணி மேடையில கெடக்கு. எங்கிட்ட வரமாட்டேங்குது. நீ வந்து கூப்பிடு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். அவள் அப்பா இறந்தபிறகு, கோவிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை தவிர நாங்கள் சேர்ந்து நடந்தது அன்றைக்குத்தான். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. படகுக்கு அருகில் போய் அவள் சாதாரணமாக, "ஏலே, வா," என்றாள். படகுக்குப் பின்னாலிருந்து அது தலையை நீட்டியது. என்னைப் பார்த்தது. என்னைச் சுற்றிக்கொண்டு, ஒரு பெரிய வளையம் போட்டு, அவளிடம் போயிற்று. அவள் அதைத் தூக்கிக்கொண்டாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. தொடையில் அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். ரோமம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

திரும்பி நடந்தோம். கடற்கரைச் சாலைச் சுவர் ஓரமாக வரும்போது நான் நின்றேன்.

"தந்தி மொத நாள் காலையிலேயே எங்கைக்கு வந்துட்டு," என்றேன்.

அவளும் நின்றாள். "தெரியும்."

"லாஞ்சு ஏறதுக்கு முன்னாடியே வந்துட்டு. வந்து சொல்லியிருக்கலாம். சொல்லல."

"தெரியும்னு சொல்லுதேன்லா."

"பின்ன ஏன் ஒண்ணுமே கேக்கல?"

பூனையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் கேட்டு நீங்க சொன்னா அது நான் புடுங்குன மாதிரி. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அன்னிக்கே சொல்லியிருந்தா ஏசியிருப்பேன். அழுது, ஏசி, நாலு நாள்ல முடிச்சிருப்பேன். எங்க அப்பா போயி எட்டு மாசமாச்சு. இப்பம் என்னத்த ஏச?"

"இப்பவும் ஏசலாம்," என்றேன்.

கொஞ்ச நேரம் அவள் முயற்சி செய்தாள் என்றுதான் சொல்லவேண்டும். உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினாள். "வரமாட்டேங்கு," என்றாள்.

பூனை அவள் தோளிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். "நீங்க" திரும்பி வந்துவிட்டது. உப்புப் போதுமா என்று கேட்டாள், லாஞ்சு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எனக்கு முதலில் பெரிய நிம்மதியாக இருந்தது. சில நாள் போனபிறகுதான் மற்றது தெரிந்தது. அவள் பூனையை ஏசுவதை விட்டுவிட்டாள்.

பூனைக்கு அது பிடிபடவில்லை. அது வழக்கம்போலக் கருவாட்டைத் தள்ளிவிட்டு ஓடத் தயாராக நிற்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் சிந்தியதை அள்ளி மூடிவைப்பாள். அது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலும் போகாமல் அவள் காலடிக்கும் போகாமல், நடுவீட்டில் உட்கார்ந்து தோளை நக்கும். அவள் எதிரிலேயே வேண்டுமென்று பால்சட்டியில் தலையை விட்டதையும் பார்த்தேன். அவள் சட்டியை எடுத்து உயரத்தில் வைத்தாள், அவ்வளவுதான். நாளாக நாளாகப் பூனை பகலெல்லாம் தோணி மேடைக்குப் போய்விட்டுச் சோற்று நேரத்துக்கு மட்டும் வர ஆரம்பித்தது.

அந்த வருஷம் நாங்கள் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருந்தோம். நான் சொல்லாமல் எங்கும் போனதில்லை. தபால் எது வந்தாலும் உறையைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பிரித்து, படித்து, எனக்கும் படித்துக் காட்டுவாள். ஒரு சத்தம் கிடையாது. முன்னறையில் நானும் அடுப்படியில் அவளும், நடுவில் அந்தக் கூடம். அடுத்த வீட்டில் தோணிக்காரர் ஊருக்கு வந்தால் அந்த அக்கா மூன்று நாள் அவரைப் பிடித்து ஏசுவார். கொழும்பிலிருந்து எதைக் கொண்டுவந்தார், எதைக் கொண்டுவரவில்லை, ஏன் கடிதம் போடவில்லை என்று சுவர் அதிரும். நாலாம் நாள் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வரும். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு அவரவர் இடத்தில் இருப்போம்.

ஒருமுறை அவள் ஊருக்குப் போயிருந்தாள், ஒரு மாதம். நானும் பூனையும் மட்டும். வீட்டில் ஒரு குரல் கேட்கட்டுமே என்று நான் அதை ஏசிப் பார்த்தேன். அவள் சொல்கிற சொற்களையே சொன்னேன். எங்கலே போன, சோறு வச்சது தெரியலியா என்று. பூனை சோற்றுத் தட்டிலிருந்து தலையை எடுத்தது. காதுகள் சட்டென்று படுத்துக்கொண்டன. வாயிலிருந்ததைத் தின்று முடிக்காமலே பின்வாசலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. நான் உடனே நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அது சாப்பிடும்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை.

புதுத் துறைமுகம் வேலைக்கு வந்தபிறகு கப்பல்கள் கரையிலேயே வந்து நின்றன. லாஞ்சுக்கு வேலை குறைந்தது. என்னை அங்கே மாற்றினார்கள். தினமும் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க முடியாமல் அந்தப் பக்கமாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனோம். பூனையைச் சாக்கில் கட்டிச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு போனேன். வழி நெடுக அது ஒரு சத்தம் போடவில்லை. புது வீட்டில் சாக்கை அவிழ்த்ததும் நாலு மூலையையும் மோந்து பார்த்தது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் இல்லை. பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும் என்றாள் அவள். நான் போய்த் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

மூன்று நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் ஏதோ வேலையாகக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனவன், பழைய சந்துக்குள் சைக்கிளைத் திருப்பினேன். எங்கள் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு மீன் சட்டி. எதிரே படியில் அந்தச் சாம்பல் பூனை. "ஒனக்கு வேற வீடே கெடைக்கலியாலே? குழம்ப வச்சிட்டு இந்தப் பக்கம் திரும்ப முடியல. மூஞ்சியப் பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி," என்று தெருவே கேட்க ஏசிக்கொண்டிருந்தாள். பூனை முன்னங்காலை எச்சில்படுத்தி மீசையையும் காதுக்குப் பின்னாலும் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றேன். அது என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தது.

அந்தப் பெண் என்னைக் கவனித்து, "யாரு வேணும் அண்ணாச்சி?" என்றாள். யாரும் வேண்டாம், சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பூனை மெலிந்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டாள். ஏசிக்கொண்டிருந்தாள் என்றேன்.

"சத்தமாவா ஏசுனாவ?"

"ஆமா. தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

அவள் மறுபடியும் குனிந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அப்பம் சரி," என்றாள். "சோறும் போடுவாவ."